இரண்டாவது ஆள்

அந்தச் சலவைக்கூடத்துக்குள் போன எந்தத் துணியும் கறையோடு வெளியே வந்ததில்லை. ஓட்டல் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரித் தலையணை உறை, சமையல்காரர்களின் வெள்ளைச் சட்டை என்று மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொரு கறைக்கும் அத்தையிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. துருவுக்கு எலுமிச்சை, எண்ணெய்க்கு மாவு, இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீரும் ஒரு கை உப்பும். இரத்தத்தில் வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி நூலுக்குள் வெந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் அதை அசைக்க முடியாது. வாழ வந்த இரண்டு மருமகள்களுக்கும் வந்த வாரமே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஆகவே இன்ஸ்பெக்டர் அம்மா கூடத்துக்கு வந்து, "உங்க சின்ன மருமக அன்னைக்குப் போட்டிருந்த உடுப்பு எங்க?" என்று கேட்டதும் அத்தை தயங்கவேயில்லை. உள்ளே போனாள், உடுப்போடு வந்தாள். வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, ஓட்டலுக்குக் கொடுக்கிற மாதிரியே மடித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா அதைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பக்கமும் திருப்பினாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"இதுல இரத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சே. குடம் குடமா."

"வயித்துப் பக்கம் பூட்ஸ் தடம் இருந்துச்சுன்னு உங்க மருமக சொல்றாங்க."

"எனக்கெப்படித் தெரியும்? பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டா தொவைக்கிறேன்? ஊறப் போட்டேன், கசக்கினேன், போயிடுச்சு."

"ஒரு பொண்ணு உயிருக்குப் போராடிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறா. நீங்க உட்கார்ந்து துணி தொவைச்சிருக்கீங்க."

"பின்ன? காயவிட்டா கறை நிக்காதா?" என்றாள் அத்தை.

இன்ஸ்பெக்டர் அம்மா உடுப்பை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். மாசுமருவில்லாத துணியைத் தடயமாகத் தூக்கிக்கொண்டு போகிற எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

சின்னவள் இதையெல்லாம் இஸ்திரி மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை செய்தது கைப்பழக்கமா, இல்லை மூத்த மகனைக் காப்பாற்றுகிற மூளை வேலையா என்று அவளால் முடிவுக்கு வர முடியவில்லை. முடிவுக்கு வந்தால் ஒன்று மன்னிக்க வேண்டியிருக்கும், அல்லது அத்தை இருக்கிற வீட்டில் படுத்துத் தூங்க முடியாமல் போகும். இரண்டுக்கும் அவள் தயாராக இல்லை.

அன்று நடந்தது இவ்வளவுதான். வெள்ளை விரிப்புகள் சுழன்றுகொண்டிருந்த இயந்திரத்துக்குள் எவனோ ஒரு சமையல்காரனின் சிவப்புக் காலுறை போய்விட்டது. சின்னவள் கதவைத் திறந்தபோது விரிப்பு மொத்தமும் இளஞ்சிவப்பு. கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற மூத்தவன் ஓடி வந்தான். அவனுக்குத் தெருவில் பாய்லர் என்று பெயர். பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் வைத்தார்களா, குணத்தைப் பார்த்து வைத்தார்களா என்று யாரும் கேட்டதில்லை.

"கண்ணை எங்க வச்சிருந்த?" என்றான்.

"மூட்டையப் பிரிச்சப்போ நீங்க எங்க வச்சிருந்தீங்களோ, அங்கதான் மாமா."

மூட்டையைப் பிரித்துத் துணியை இனம் பிரிப்பது அவனுடைய வேலை. அது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொன்னதுதான் குற்றம். கரி படிந்த பூட்ஸ் காலால் எட்டி உதைத்தான். அவள் அலசும் தொட்டியின் விளிம்பில் மோதி விழுந்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். மூத்தவனின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, இஸ்திரி மேசையிலிருந்து பார்த்தாள். சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து வந்த அத்தை, முதலில் தொட்டித் தண்ணீரை அடைத்தாள், பிறகு மருமகளைத் தூக்கினாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவளுக்கு வேறு உடுப்பு மாற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

போலீஸ் மறுநாளே மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போனது. அடித்ததாக வழக்கு. ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலமே வந்துவிட்டான். வந்து சாப்பிட்டான். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டான்.

*

இன்ஸ்பெக்டர் அம்மா பையை ஜீப்பில் வைத்துவிட்டு, முற்றத்தில் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டாள். காய்கிற விரிப்புகளுக்கு நடுவே நின்று பேசினார்கள். காற்றுக்கு விரிப்புகள் இருவர் முகத்திலும் அடித்தன.

"இங்க பாருங்க. முன்னாடியா இருந்தா உங்களை அடிச்சதுக்கு மட்டும்தான் கேஸ். பிள்ளை உங்க உடம்புல ஒரு காயம், அவ்வளவுதான் கணக்கு. இப்போ போன வருஷம் புதுச் சட்டம் வந்திருக்கு. பிறக்காத பிள்ளையும் பாதிக்கப்பட்ட ஆள்தான். நீங்க முதல் ஆள். அது இரண்டாவது ஆள். அதுக்குத் தனி கேஸ், தனித் தண்டனை. உங்க மூத்தார் சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வர முடியாது."

"அப்போ போடுங்க."

"போடணும்னா, அடி விழுறதுக்கு முன்னாடி பிள்ளை உயிரோட இருந்துச்சுன்னு நான் காட்டணும். டாக்டர், பிள்ளை செத்தது அடிக்கு முன்னாடியா பின்னாடியான்னு என்னால சொல்ல முடியாது, ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள ஆகியிருக்கும்னு எழுதிட்டாரு."

"என் வயித்துல அசைஞ்சது எனக்குத் தெரியாதா மேடம்? அன்னைக்குக் காலைலகூட ஒரு இடத்துல நிக்கல."

"உங்களுக்குத் தெரியும். நீங்க புகார் கொடுத்தவங்க. கோர்ட்டுல உங்க வார்த்தை மட்டும் போதாது. வேற யாராவது தொட்டுப் பார்த்தாங்களா? உங்க வீட்டுக்காரர்?"

அவள் புருஷன் ஓட்டல்களுக்குத் துணி கொண்டுபோகிற வண்டி ஓட்டுகிறான். விடியும் முன்னே கிளம்பிவிடுவான்.

"அவர் தூங்கிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் வண்டிக்குப் போயிட்டாரு."

"அப்போ வீட்டுல இருக்கறவங்க வாயிலிருந்துதான் வரணும். நான் எல்லார்கிட்டயும் வாக்குமூலம் வாங்க வருவேன்" என்றாள் இன்ஸ்பெக்டர் அம்மா. பிறகு விரிப்பை விலக்கிக்கொண்டே, "இங்கதான் இருக்கப் போறீங்களா? வேற இடம் இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு. போனா, பயந்து ஓடிட்டான்னு பேசுவாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

*

இருந்தாள். அதுதான் அவள் செய்த ஒரே காரியம். காலையில் எழுந்து, முகம் கழுவி, இஸ்திரி மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவாள். ஒரு தலையணை உறையைக்கூடத் தொடமாட்டாள். கைக்கு வேலையில்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை அந்தக் கூடம் அதுவரை பார்த்ததில்லை. நீராவி சீறும், பிழியும் இயந்திரம் தடதடக்கும், ஓரகத்தியின் இஸ்திரிப் பெட்டி விரிப்பின் மேல் போய்ப் போய் வரும். நடுவில் இவள் மட்டும் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

பால் கட்டிக்கொண்டிருந்தது. குடிக்க ஆளில்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. பழைய விரிப்பு ஒன்றைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டியிருந்தாள். அப்படியும் சட்டை நனையும். நனைந்தால் மாற்றமாட்டாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று இருப்பாள்.

"மகாராணிக்கு டீ வேணுமா?" என்பாள் அத்தை, கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறபோது.

"போட்டா குடிக்கறேன்."

"போடறேன், போடறேன். கால் அமுக்கியும் விடறேன். நீ உட்காரு, நாங்க சாகறோம்."

"ஏற்கெனவே ஒண்ணு செத்தாச்சு அத்தை."

வாளி தரையில் ணங்கென்று விழும். அன்று எல்லாக் காலருக்கும் கஞ்சி அதிகமாகிவிடும்.

ஓரகத்தி பேசமாட்டாள். முன்பெல்லாம் அவள் ஓயாமல் பேசுவாள். கூடத்துக்கு வருகிற துணியைப் பார்த்தே எந்த அறையில் யார் எப்படிப் படுத்தார்கள் என்று கதை கட்டுவாள், இருவரும் சிரித்து மாளாது. இப்போது பெட்டியை மட்டும் பார்த்தாள். ஒரு மத்தியானம் அத்தை உள்ளே போன நேரம் பார்த்துச் சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, நீ பார்த்தேல்ல?"

"என்னத்த?"

"உதைச்சத."

பெட்டி நின்றது. நின்றால் துணி கருகும். உடனே நகர்ந்தது.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அதுங்களுக்கு அப்பன் வேணும்."

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு."

"பிறக்கலையே" என்றாள் ஓரகத்தி. குரலை உயர்த்தவில்லை. "ஸ்கூல் போகல, பசிக்குதுன்னு கேக்கல, என் மடியில வந்து படுக்கல. என் பிள்ளைங்க அதெல்லாம் செய்யுதுங்க. இல்லாத ஒண்ணுக்காக இருக்கிறத நான் தெருவுல விடணுமா?"

"இல்லாத ஒண்ணுக்குத்தான் நீ குட்டிச் சட்டை தெச்சியா?"

ஓரகத்தி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். விரிப்பை மடித்தாள். ஓரம் ஓரத்தோடு பொருந்தவில்லை. உதறிவிட்டு மறுபடி மடித்தாள்.

"அப்போ நீ வாயத் திறந்திருக்கக் கூடாது" என்றாள் கடைசியில். "அவர்கிட்ட பதில் பேசினா என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு? நான் எத்தனை வருஷமா வாய மூடிக்கிட்டு இருக்கேன். சும்மாவா இருக்கேன்?"

*

மூத்தவன் அவளிடம் நேராகப் பேச ஆரம்பித்தது வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான். அதுவரை அவள் இருக்கிற பக்கம் பாராமல் கடந்துபோவான். அன்று அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். சாப்பிட்டிருந்தான் போல, ஒரு குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"சட்டம் சட்டம்னு குதிக்கிறியே, வக்கீல் என்ன சொன்னாரு தெரியுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது ஒரு ஆளுன்னு வச்சுக்குவோம். நல்லது. அப்போ அந்த ஆளை ஈர மூட்டை தூக்கிக் கொன்னது யாரு? தினம் தினம் பிழிஞ்ச விரிப்பத் தூக்கிக்கிட்டுக் கொடிக்குப் போனது யாரு? நானா? ஆஸ்பத்திரிச் சீட்டுலயே இருக்காம், கனம் தூக்குற வேலைன்னு. நீதான் சொல்லியிருக்க. என்மேல ஒரு கேஸ் வந்தா உன்மேலயும் ஒண்ணு வரும். அந்தச் சட்டத்துக்கு மாமன் மச்சான்னு தெரியாது, அம்மான்னும் தெரியாது."

"வரட்டும்."

"வரட்டுமா? பிள்ளையக் கொன்னவன்னு ஊர் சொல்லும்டி."

"நீங்க எப்படி அதுக்குப் பழகிட்டீங்களோ, அப்படியே நானும் பழகிக்கிறேன் மாமா."

அவன் கையை ஓங்கினான். அவள் கண்ணை மூடவில்லை. பின்கட்டில் கொதிகலன் விசில் அடித்தது. அவன் குச்சியைத் துப்பிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. பயந்தது அவனுக்கு இல்லை. மூட்டை தூக்கியது உண்மை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தச் சந்தேகம்தான் முதலில் வந்து உட்கார்ந்தது, அவன் பூட்ஸ்கூட அதற்கு அப்புறம்தான். அதை யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. இப்போது அவன் வாயிலிருந்து கேட்டபோது, தன் தலைக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டானோ என்று இருந்தது.

புருஷன் வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கி வந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் பேச்சுக்குப் பதிலாகச் சாப்பிட ஏதாவது வாங்கி வந்துகொண்டிருந்தான்.

"அதான் சொல்றேன், விட்டுடு" என்றான். முட்டையை உரித்து அவளிடம் நீட்டினான். "உனக்கும் வம்பு, எனக்கும் வம்பு. வேற வீடு பார்த்துப் போயிடலாம்."

"போனா?"

"போனா, நிம்மதியா இருக்கலாம்."

"உங்க அண்ணன் இங்க நிம்மதியா இருப்பாரு. நாம அங்க நிம்மதியா இருப்போம். அவ மட்டும் எங்கயும் இல்ல. நல்லா இருக்கு."

"என் பிள்ளையும்தானே அது?"

"அப்படியா? எனக்குத் தெரியாதே. ஒரு தடவையாவது அண்ணன் சட்டையப் பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் உரித்த முட்டையைத் திரும்பத் தாளில் வைத்தான். யாரும் சாப்பிடவில்லை.

*

வாக்குமூலம் வாங்க இன்ஸ்பெக்டர் அம்மா மத்தியானம் வந்தாள். கூட ஒரு போலீஸ்காரர். இயந்திரங்களை நிறுத்தச் சொன்னாள். அந்தக் கூடம் பகல் வேளையில் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. குழாய்க்குள் நீராவி அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வேண்டுமென்றே எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தாள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

மூத்தவன் முதலில் சொன்னான். தரை ஈரம், மூட்டை கனம், வழுக்கினாள், விழுந்தாள். பாடம் ஒப்பிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"உதைக்கலையா?"

"சத்தம் போட்டேன். வேலை கெட்டா முதலாளி சத்தம் போடமாட்டானா?"

அடுத்து ஓரகத்தி. பெட்டியின் சூடு ஆறியிருந்தும் அதன் கைப்பிடியை விடவில்லை.

"மூட்டையோட விழுந்தா. நான் திரும்பிப் பார்த்தப்போ கீழ கிடந்தா."

"பிள்ளை அசைவு பத்தி உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

ஓரகத்தி புருஷனைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கக் கஷ்டப்பட்டாள்.

"ரெண்டு நாளா அசையவே இல்லன்னு சொன்னா."

"அக்கா" என்றாள் சின்னவள். "என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

"நீங்க பேசாதீங்க" என்றாள் இன்ஸ்பெக்டர் அம்மா. ஆனால் பேனாவை மேலே எடுத்துவிட்டு ஓரகத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி பெட்டியைத்தான் பார்த்தாள்.

"அதான் சொன்னேனே. அசையல."

சின்னவளுக்கு உள்ளே ஏதோ கழன்றுவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்.

"மேடம், நானே சொல்றேன், எழுதிக்கோங்க. நான் மூட்டை தூக்கினேன். அன்னைக்கு மட்டுமில்ல, ஏழாம் மாசம் வரைக்கும் தினமும் தூக்கினேன். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா இதோ உட்கார்ந்திருக்காங்களே, இவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டேதான் இருந்தாங்க. நான் தூக்கறப்போ அது ஆள் இல்ல. இவங்க வேலை நடக்கணும். அவர் உதைச்ச அப்புறம்தான் அது ஆளாம், நான் கொன்னுட்டேனாம். அத்தையையே கேளுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தூக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா?"

அத்தைக்கு இதுவரை முறை வந்திருக்கவில்லை. சுவரோரம் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். விருட்டென்று எழுந்தாள்.

"யாரடி சொல்லல? நானா சொல்லல? நாக்கு அழுகிடும்டி உனக்கு. அன்னைக்குக் காலைல சொன்னேனா இல்லையா?"

"என்ன சொன்னீங்க?"

"'மூட்டையத் தொடாத, அவன் வந்து தூக்கட்டும்'னு சொன்னேன். காதுல வாங்கினியா நீ? வெடுக்குன்னு திரும்பிக்கிட்டுப் போன."

"நான் வேலை சுத்தமில்லன்னு திட்டறீங்கன்னு நினைச்சேன். எப்பவும் அப்படித்தானே என் கையிலிருந்து பிடுங்குவீங்க?"

"திட்டினேனா? வயித்து முன்னாடி முடிச்சுப் போட உனக்குக் கயிறு எட்டலன்னு பின்னால நின்னு ஏப்ரன் கட்டிவிட்டேனே, அப்போ சொன்னேன். எதுக்குச் சொன்னேன்? வேலைக்காகவா? கயிற இழுத்துக் கட்டறேன், என் கையிலயே எட்டி உதைக்குது. ஒரு தடவ இல்ல, விடாம உதைக்குது. இந்த ஆட்டம் ஆடுற பிள்ளைய வச்சுக்கிட்டு இவ எதுக்கு மூட்டை தூக்கணும்னுதான்டி சொன்னேன்! என்னையப் பார்த்துச் சொல்லலைங்கிற—"

அங்கே நின்றாள். மீதி வார்த்தை வாயிலேயே இருந்தது.

சின்னவள் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்து வந்த கடுகடுத்த குரல் ஞாபகம் இருந்தது. கயிற்றோடு சுற்றி வந்த கை வயிற்றில் ஒரு கணம் தங்கியதா என்று ஞாபகம் வரவில்லை. தங்கியிருக்க வேண்டும்.

"அம்மா" என்றான் மூத்தவன். மெதுவாகத்தான் கூப்பிட்டான். "அது அன்னைக்கு இல்லம்மா. போன மாசம். உனக்கு நாள் குழம்புது." இன்ஸ்பெக்டர் அம்மா பக்கம் திரும்பி, "வயசாச்சு மேடம். நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது" என்றான்.

அத்தை அவனைப் பார்த்தாள். அவன் திறந்துவைத்த கதவு அது. நுழைந்தால் போதும். ஆமாம், குழம்பிவிட்டது என்று தலையை ஆட்டினால் போதும். கெஞ்சக் கூடாது என்று சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கெஞ்சினால் அத்தை அதற்காகவே தலையை ஆட்டிவிடுவாள்.

"எந்த நாள்மா?" என்றாள் இன்ஸ்பெக்டர் அம்மா.

அத்தை இடுப்பிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"விரிப்பெல்லாம் சிவப்பாப் போச்சே" என்றாள். "அன்னைக்குத்தான்."

"அம்மா!"

"கத்தாத."

"பெத்த பிள்ளைய விக்கிறியா? இவளுக்காக?"

"இவளுக்காகவா?" அத்தை சின்னவள் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் இரக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. "இந்த வாய்க்காரிக்காக நான் ஒரு துரும்பக் கிள்ளிப் போட மாட்டேன். என் பிள்ளையக் கொண்டுபோய் உள்ள வைக்கப் போறவ இவ. சாகிற வரைக்கும் இவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்." பிறகு மகனைப் பார்த்தாள். "ஆனா நீ உதைச்சியே, அதே இடத்துலதான்டா அது என்னை உதைச்சிச்சு. நான் எங்க கொண்டுபோய் அதைத் தொவைக்க?"

ஓரகத்தி கைப்பிடியை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

மூத்தவன் எழுந்தான். போலீஸ்காரரும் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார்.

இன்ஸ்பெக்டர் அம்மா புதுத் தாள் எடுத்தாள். "எந்தக் கையிலம்மா?" என்று கேட்டாள்.

அத்தை இடது கையை நீட்டினாள். வெளுப்பு மருந்து தின்று நகமெல்லாம் கரைந்துபோன கை. யாரோ அதன் மேல் எதையோ வைக்கப் போகிறார்கள் என்பது போல உள்ளங்கை மேலே பார்க்க விரித்துப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர் அம்மா எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அத்தை அந்தக் கையை இறக்கவில்லை.